கை வேகமா, கழுத்துப் பதக்கமா? குத்துச்சண்டையில் யார் பெரியவர்

போச்சம்பள்ளி சிப்காட்டுக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போகிற இளைஞர்கள் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் செல்போனில் குத்துச்சண்டைக் காட்சிகள் பார்ப்பதை கிருஷ்ணகிரி மாவட்டம் நாகரசம்பட்டியில் இப்போது சாதாரணமாகக் காணலாம். 2021-இல் பா. இரஞ்சித்தின் குத்துச்சண்டைப் படமான ‘சார்பட்டா பரம்பரை’ வந்த பிறகு இந்த ஆர்வம் கூடியிருக்கிறது. கூடவே, இந்தியக் குத்துச்சண்டை வீரர்களில் டிங்கோ சிங் பெரியவரா, மேரி கோம் பெரியவரா என்ற வாக்குவாதமும் வளர்ந்திருக்கிறது.

“டிங்கோ சிங் கை வேகம் வேற யாருக்கும் வராதுண்ணா. அது பொறப்புலயே வரணும்” என்பார் ஒருவர். “வேகத்த வெச்சு என்னப்பா பண்றது? மேரி கோம் ஆறு தடவ உலக சாம்பியன். அதுக்குப் பதில் சொல்லு” என்பார் இன்னொருவர். பஸ் வந்துவிடும், வழக்கு தீராது.

இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சு அல்ல. ஒரு வீரரின் பெருமையை அவருடைய பிறவித் திறமையை வைத்து அளப்பதா, வென்று காட்டிய சாதனைகளை வைத்து அளப்பதா என்பது, அடுத்த வீரரை எங்கே தேடுகிறோம், யாருக்கு வாய்ப்புக் கொடுக்கிறோம் என்பதையும் தீர்மானிக்கிறது. கடந்த சில பத்தாண்டுகளில் உடலியக்கவியல், மரபியல், புள்ளியியல் மூன்றும் இந்தக் கேள்விக்கு நல்ல வெளிச்சம் தந்திருக்கின்றன. அதில் தெரிவது இதுதான்: திறமை என்று நாம் கண்ணால் பார்ப்பதில் கணிசமான பங்கு கற்றுக்கொண்டது, சாதனை என்று நாம் பட்டியலில் படிப்பதில் கணிசமான பங்கு வாய்ப்பு கொடுத்தது. இரண்டையும் பிரித்தறியாமல் யாரையும் பெரியவர் என்றோ சிறியவர் என்றோ சொல்லிவிட முடியாது.

ஒரு ஜேப்புக்குள் என்ன நடக்கிறது?

முன்கையை நேராக நீட்டிக் கொடுக்கும் ஜேப்தான் குத்துச்சண்டையின் முதல் பாடம். 1969-இல் முகம்மது அலியின் ஜேப்பை ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழ் கருவி வைத்து அளந்தது. பதினாறரை அங்குலத் தொலைவில் மெல்லிய பால்சா மரப்பலகை வைக்கப்பட்டது. சைகை கிடைத்ததிலிருந்து பலகை உடைந்தது வரை ஆன நேரம் 0.19 விநாடி. அதில் கை பயணம் செய்த நேரம் 0.04 விநாடிதான். மீதி 0.15 விநாடி சைகையை உணர்ந்து கையை அசைக்கத் தொடங்குவதற்கே போய்விட்டது.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு காட்சி கண்ணில் விழுந்து, விழித்திரையிலிருந்து மூளைக்குச் சென்று, அங்கிருந்து நரம்பு வழியாகக் கட்டளை தசையை அடைவதற்கு, ஆரோக்கியமான இளைஞருக்குச் சுமார் 0.2 விநாடி ஆகும். பயிற்சியால் இதில் சிறிதளவே குறைக்க முடியும். உலகத்திலேயே வேகமான கைக்காரர் என்று பெயரெடுத்த அலிக்கே 0.15 ஆகியிருக்கிறது. அப்படியானால் 0.04 விநாடியில் வந்து சேரும் குத்தைப் பார்த்த பிறகு விலகுவது எந்த மனிதனாலும் ஆகாத காரியம். ஆனால் நல்ல வீரர்கள் ரவுண்டுக்கு ரவுண்டு விலகுகிறார்களே, எப்படி?

அவர்கள் கையைப் பார்த்து விலகுவதில்லை. கை கிளம்புவதற்கு முன்பே எதிராளியின் பின்கால் குதி தரையிலிருந்து எழுகிறது, இடுப்பு லேசாகத் திரும்புகிறது, தோள் ஒரு இழை உயர்கிறது, எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுகிறது. ஆயிரக்கணக்கான ரவுண்டுகள் ஸ்பாரிங் (பயிற்சி மோதல்) செய்தவருக்கு இந்த முன்னறிகுறிகளே போதும். பிரான்சில் ரிபோல் என்பவரும் அவருடைய குழுவினரும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், பிரெஞ்சு பாக்ஸிங் வீரர்களின் கண் அசைவைப் பதிவு செய்தார்கள். புதியவர்களின் பார்வை எதிராளியின் உடம்பு முழுக்க அலைந்தது. தேர்ந்தவர்கள் குறைவான இடங்களிலேயே பார்வையை நிறுத்தினார்கள். பெரும்பாலும் எதிராளியின் தலைப்பகுதியை மையமாக வைத்துக்கொண்டு மற்றதை ஓரப்பார்வையில் படித்தார்கள்.

“என்ன ரிஃப்ளெக்ஸ்! பிறவிக் கொடுப்பினை” என்று நாம் கைதட்டும் இடத்தில் பெரும்பாலும் நடப்பது இந்த வாசிப்புதான். அது பிறப்பில் வருவதில்லை. ஒரு வாத்தியாரிடம், நல்ல எதிராளிகளோடு, பல வருடம் நின்றால் வருவது.

குத்தின் பலம் காலில் இருக்கிறது

“கையில் இடி இருக்கிறது” என்று சில வீரர்களைச் சொல்வோம். அந்த இடி எங்கிருந்து வருகிறது என்று சோவியத் ஆய்வாளர் ஃபிலிமோனோவும் அவருடைய குழுவினரும் 1985-இல் கணக்கிட்டார்கள். உயர்தர வீரர்கள் விடும் நேர்க்குத்தின் பலத்தில் சுமார் 38 சதவீதம் காலை ஊன்றித் தள்ளுவதிலிருந்து வந்தது. 37 சதவீதம் இடுப்பும் முதுகும் திரும்புவதிலிருந்து. கை நீள்வதிலிருந்து 24 சதவீதம் மட்டுமே. கீழ்நிலை வீரர்களில் இந்தக் கணக்கு தலைகீழாக இருந்தது. கையின் பங்கு 38 சதவீதம். காலின் பங்கு 17 சதவீதத்துக்கும் குறைவு. புதியவர் கையால் குத்துகிறார்; தேர்ந்தவர் தரையிலிருந்து குத்துகிறார்.

2000-இல் பிரிட்டனில் ஸ்மித்தும் உடன் ஆய்வாளர்களும் அளந்த விசைக் கணக்கும் இதையே சொல்கிறது. பின்கை நேர்க்குத்தில் புதியவர்கள் சராசரியாகச் சுமார் 2,400 நியூட்டன் விசை கொடுத்தார்கள். இடைநிலை வீரர்கள் 3,700. உயர்நிலை வீரர்கள் 4,800. புதியவர் நிலையிலிருந்து உயர்நிலைக்கு ஏறும்போது விசை இரட்டிப்பாகிறது. வடசென்னையில் ‘புட்வொர்க் இல்லாதவன் குத்துக்குக் கனம் இருக்காது’ என்று சொல்லி வாத்தியார்கள் காலைத்தான் முதலில் திருத்துவார்கள். அவர்கள் அனுபவத்தால் கண்டதைக் கருவிகள் பின்னால் வந்து உறுதிப்படுத்தியிருக்கின்றன.

அப்படியானால் பிறவியில் வருவது எது?

எல்லாமே பயிற்சிதான் என்று சொல்லிவிடவும் முடியாது. அது இன்னொரு பக்கத்துப் பொய். கையின் நீளம், எலும்பின் அமைப்பு, உயரம் ஆகியவற்றை எந்த வாத்தியாரும் மாற்ற முடியாது. தசைநார்களில் வேகமாகச் சுருங்குபவை எத்தனை, மெதுவாகச் சுருங்கிக் களைப்பைத் தாங்குபவை எத்தனை என்ற விகிதத்திலும் மரபுக்குப் பங்கு உண்டு. வேகத் தசைநாரில் மட்டும் இருக்கும் ஒரு புரதத்தைத் தயாரிக்கும் ஏசிடிஎன்3 என்ற மரபணு இருக்கிறது. உலக மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்தப் புரதம் உருவாவதே இல்லை. 2003-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில், திடீர் வேகமும் வலுவும் தேவைப்படும் விளையாட்டுகளின் உயர்நிலை வீரர்களிடையே அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவாகவே இருந்தார்கள். ஆனால் இந்த ஒரு மரபணுவை வைத்துச் சாம்பியனைக் கண்டுபிடிக்க முடியாது. மொத்தத் திறனில் அதன் பங்கு மிகச் சிறியது.

இதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு ‘ஹெரிடேஜ்’ என்ற பெரிய குடும்ப ஆய்வில் வந்தது. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 481 பேருக்கு 20 வாரம் ஒரே மாதிரியான பயிற்சி கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே சைக்கிள், ஒரே அட்டவணை. முடிவில் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் சிலருக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல் உயர்ந்தது. சிலருக்கு ஏறக்குறைய எதுவுமே உயரவில்லை. இந்த வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி, அதாவது 47 சதவீதம் வரை, குடும்ப வழியில் வருவது என்று 1999-இல் வெளியான முடிவு கூறியது.

இந்த முடிவை நிதானமாகப் படிக்க வேண்டும். பிறவியில் வருவது திறமை மட்டும் அல்ல. பயிற்சிக்கு இணங்கும் தன்மையிலும் பிறவிக்குப் பங்கு உண்டு. அது பயிற்சி தொடங்கும் முன் வெளியே தெரியாது. முதல் நாள் மைதானத்தில் மூச்சு வாங்குகிற பையன், ஆறு மாதத்தில் எல்லாரையும் தாண்டிப் போகிறவனாக இருக்கலாம். ஆகவே பயிற்சியே கொடுக்காமல் ஒருவரிடம் திறமை இல்லை என்று தீர்ப்பு எழுதுவது அறிவியலுக்கு ஒவ்வாது.

பயிற்சி நேரத்தின் பங்கைப் பற்றியும் ஒரு கணக்கு இருக்கிறது. மக்நமாராவும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விளையாட்டு வீரர்களிடையே தெரியும் திறன் வேறுபாட்டில் திட்டமிட்ட பயிற்சியின் அளவு 18 சதவீதத்தை விளக்கியது. மிக உயர்ந்த மட்டத்து வீரர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது வெறும் 1 சதவீதம். இதன் பொருள் உச்சத்தில் இருப்பவர்களுக்குப் பயிற்சி வேண்டாம் என்பதல்ல. அங்கே எல்லாருமே உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்கிறார்கள்; அதனால் அவர்களைப் பிரித்துக் காட்டுவது பயிற்சி நேரம் அல்ல, வேறு ஏதோ ஒன்று. மரபு, மனநிலை, நல்ல வாத்தியார், காயமின்மை, தேர்வாளரின் பார்வை, அதிர்ஷ்டம் எல்லாம் அந்த ‘வேறு ஏதோ ஒன்று’க்குள் அடங்கும்.

இதற்கு ஃபிராங்க் புருனோவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பிரிட்டனைச் சேர்ந்த இந்த ஹெவிவெயிட் வீரரின் குத்தை 1985-இல் ஆய்வுக்கூடத்தில் அளந்தார்கள். இலக்கைத் தொடும்போது கையின் வேகம் விநாடிக்கு 8.9 மீட்டர், உச்ச விசை 4,096 நியூட்டன். சுமார் 400 கிலோ எடை ஒரு கணம் அழுத்துவதற்குச் சமம். அளவெடுத்து அச்சிட்டாகிவிட்ட திறமை! ஆனால் 1986-இல் உலகப் பட்டத்துக்கு மோதித் தோற்றார். 1989-இல் மைக் டைசனிடம் தோற்றார். 1993-இல் லெனாக்ஸ் லூயிஸிடம் தோற்றார். நான்காவது முயற்சியில், 1995 செப்டம்பரில், ஆலிவர் மெக்காலை வென்று டபிள்யூபிசி உலகப் பட்டத்தைப் பிடித்தார். திறமை எண்ணாகக் காகிதத்தில் ஏறியதற்கும் சாதனையாகக் கைக்கு வந்ததற்கும் இடையே பத்து ஆண்டுகள். திறமையை மட்டும் பார்த்தவர் 1985-இலேயே அவரைச் சாம்பியன் என்றிருப்பார். சாதனையை மட்டும் பார்த்தவர் 1993-இல் அவரைக் கைகழுவியிருப்பார். இருவர் சொன்னதும் தவறாகியிருக்கும்.

பதக்கப் பட்டியலை எப்படிப் படிப்பது?

இனி சாதனை என்ற அளவுகோல். பதக்கம் கண்ணால் பார்க்கக்கூடியது, எண்ணக்கூடியது. அதனால் அது நியாயமான அளவுகோல் என்று நம்புகிறோம். முதலில் ‘டிரா’வை எடுத்துக்கொள்வோம். 16 பேர் கொண்ட நாக் அவுட் போட்டி. திறமைசாலி எப்போதும் தன்னைவிடக் குறைந்தவரை வெல்வார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுகூட, இரண்டாவது சிறந்த வீரர் இறுதிப் போட்டிக்கு வருவது உறுதியில்லை. சீட்டுக் குலுக்கலில் அவர் முதல் வீரர் இருக்கும் பாதியில் விழாமல் இருந்தால்தான் வர முடியும். அதற்கான வாய்ப்பு 15-க்கு 8. அதாவது பாதிக்குக் கொஞ்சம் மேல். குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்ற இருவருக்குமே வெண்கலம் உண்டு. ஆனால் இரண்டாவது சிறந்த வீரர், முதல் வீரர் இருக்கும் அதே கால்பகுதியில் விழுந்துவிட்டால் வெண்கலமும் இல்லை. அதற்கான வாய்ப்பு 15-க்கு 3, ஐந்தில் ஒன்று. உலகின் இரண்டாவது பெரிய வீரர் ஐந்து முறைக்கு ஒருமுறை வெறுங்கையோடு வீடு திரும்புகிறார், ஒரு தவறும் செய்யாமலே!

அடுத்தது தோல்வியே இல்லாத கணக்கு. ராக்கி மார்சியானோ 49 போட்டிகளில் 49 வெற்றி. ஃபிளாய்ட் மேவெதர் 50-க்கு 50. மலைக்க வைக்கும் எண்கள்தான். ஒவ்வொரு போட்டியிலும் வெல்ல 90 சதவீத வாய்ப்புள்ள ஒருவர் 50 போட்டியையும் தோற்காமல் முடிப்பதற்கான சாத்தியம் ஆயிரத்தில் ஐந்து. 95 சதவீத வாய்ப்புள்ளவருக்கு நூற்றில் எட்டு. 99 சதவீதமாக இருந்தால் நூற்றில் அறுபது. ஆகவே ஒருவர் தோற்கவே இல்லை என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கலாம்: அவர் மற்றவர்களைவிட அபார உயரத்தில் இருந்தார், அல்லது ஒவ்வொரு போட்டியும் 99 சதவீதம் பத்திரமாக இருக்கும்படி எதிராளிகள் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். எண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. எதிராளிகளின் பட்டியலையும் பக்கத்தில் வைத்தாக வேண்டும்.

சதுரங்கத்தில் எலோ மதிப்பீடு செய்வது இதைத்தான். யாரை வென்றாய் என்பதைப் பொறுத்துப் புள்ளி ஏறும். உன்னைவிட 400 புள்ளி குறைந்தவரோடு நீ எடுப்பாய் என்று எதிர்பார்க்கப்படும் பங்கே 91 சதவீதம். அவரை வென்றால் கிட்டத்தட்ட ஒன்றும் ஏறாது. உன்னைவிட உயர்ந்தவரை வீழ்த்தினால் அதிகம் ஏறும். குத்துச்சண்டைக்கும் இந்த முறையைப் பொருத்திப் பார்க்கிறார்கள். வெறும் வெற்றி எண்ணிக்கையைவிட இது நேர்மையானது.

ஆனாலும் குத்துச்சண்டை ஒரு விதத்தில் எந்தக் கணக்குக்கும் அடங்குவதில்லை. 1971 மார்ச் 8 அன்று ஜோ ஃபிரேசியர் முகம்மது அலியை வென்றார். 1973 ஜனவரியில் ஜார்ஜ் ஃபோர்மன், அதே ஃபிரேசியரை இரண்டே ரவுண்டுக்குள் ஆறு முறை கீழே விழ வைத்தார். கணக்குப்படி பார்த்தால் ஃபோர்மன் முன்னால் அலி நிற்கவே கூடாது. 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் எட்டாவது ரவுண்டில் அலி ஃபோர்மனை நாக் அவுட் செய்தார். அ, ஆ-வை வெல்வார். ஆ, இ-யை வெல்வார். இ, அ-வை வெல்வார். ஒருவரின் பாணி இன்னொருவரின் பாணிக்கு மருந்தாகவோ விஷமாகவோ அமைகிறது. எல்லா வீரர்களையும் ஒரே ஏணியில் மேலும் கீழுமாக நிறுத்திவிடலாம் என்ற எண்ணமே இங்கே உடைந்துபோகிறது.

நடுவரின் கையில் சாதனை

ஓட்டப்பந்தயத்தில் கடிகாரம் தீர்ப்புச் சொல்கிறது. குத்துச்சண்டையில் மனிதர்கள் சொல்கிறார்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கின் லைட் மிடில்வெயிட் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ், தென் கொரியாவின் பார்க் சி-ஹுனை எதிர்த்தார். குத்துகளை எண்ணியபோது ஜோன்ஸ் 86, பார்க் 32. தீர்ப்பு 3-2 என்ற கணக்கில் பார்க்குக்குப் போனது. அதே ஒலிம்பிக்கின் தலைசிறந்த வீரருக்கான வால் பார்க்கர் கோப்பை ஜோன்ஸுக்குத் தரப்பட்டது. மிகச் சிறந்தவர் என்று ஒரு கை கோப்பை கொடுக்க, இன்னொரு கை தங்கத்தை எடுத்துக்கொண்டது. அந்தச் சர்ச்சைக்குப் பிறகுதான் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கணினிப் புள்ளி முறை வந்தது. அதுவும் திருப்தி தராமல் 2013-இல் ரவுண்டுக்குப் பத்துப் புள்ளி முறைக்கு மாறினார்கள்.

ஜோன்ஸ் பின்னாளில் மிடில்வெயிட்டில் தொடங்கி 2003-இல் ஹெவிவெயிட் வரை உலகப் பட்டம் பிடித்தார். 35 வயது ஆகும்வரை அவருக்கு ஒரே தோல்வி. அதுவும் விதிமீறலுக்காக வந்தது. அதன் பிறகு தோல்விகள் வரிசையாக வந்தன. வேகத்தை நம்பிய உடம்புக்கு வேகத் தசை தளரும் வயதில் மறு துணை கிடைக்கவில்லை. இறுதிப் பட்டியலில் அந்தத் தோல்விகளும் அதே எடையோடு எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே ஒருவரின் பட்டியலைப் படிக்கும்போது வயதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வாய்ப்பு என்ற மூன்றாவது ஆள்

இப்போது டிங்கோவும் மேரியும். இருவருமே மணிப்பூர்க்காரர்கள். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுக்கான இந்திய அணியில் டிங்கோ சிங்கின் பெயர் முதலில் நீக்கப்பட்டு, பிறகு சேர்க்கப்பட்டது. போனார். அரையிறுதியில் தாய்லாந்தின் சொந்த ஊர்க் கூட்டத்துக்கு நடுவே தாய்லாந்து வீரரை வீழ்த்தினார். இறுதியில் உஸ்பெகிஸ்தானின் தைமூர் துல்யகோவை வென்று 54 கிலோ பிரிவில் தங்கம் கொண்டுவந்தார். ஆசிய விளையாட்டுக் குத்துச்சண்டையில் 1982-க்குப் பிறகு, 16 ஆண்டுகள் கழித்து, இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம். அந்தப் பெயர் திரும்பச் சேர்க்கப்படாமல் போயிருந்தால்? திறமை அதேதான் இருந்திருக்கும். சாதனைப் பட்டியலில் அந்தத் தங்கம் இருந்திருக்காது.

அந்தத் தங்கத்தைப் பார்த்துத்தான் கையுறை மாட்டியதாக மேரி கோம் சொல்லியிருக்கிறார். 2001-இல் முதல் பெண்கள் உலகப் போட்டியில் வெள்ளி; 2002, 2005, 2006, 2008, 2010 என்று ஐந்து தங்கம்; மூன்று குழந்தைகளுக்குத் தாயான பிறகு 2018-இல் டெல்லியில் ஆறாவது தங்கம். ஆனால் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை 2012-இல்தான் வந்தது. அதிலும் மூன்றே எடைப்பிரிவுகள்: 51, 60, 75 கிலோ. மேரி உலகத் தங்கம் வென்றதெல்லாம் 45 முதல் 48 கிலோவில். தன்னைவிட இயல்பிலேயே பெரிய உடம்புக்காரர்களோடு 51 கிலோவில் மோதி வெண்கலம் வாங்கினார். ‘ஒலிம்பிக்கில் வெண்கலம்தானே’ என்று சொல்கிறவர் ஒரு விஷயத்தை மறக்கிறார்: அவருடைய சிறந்த ஆண்டுகளில் அந்தக் கதவே திறக்கப்படவில்லை, திறந்தபோது அவருடைய அளவுக்குத் திறக்கவில்லை. முகம்மது அலிக்கும் இப்படித்தான். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967 மார்ச்சுக்குப் பிறகு 1970 அக்டோபர் வரை, 25 வயதிலிருந்து 28 வயதுவரை, ஒரு போட்டிகூட ஆட முடியவில்லை. அவருடைய உடம்பின் மிகச் சிறந்த ஆண்டுகள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

நம் ஊர்க் கதை இன்னும் கடினமானது. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று துறைமுகத்தையும் ஆலைகளையும் ஒட்டிய உழைப்பாளர் குடியிருப்புகளில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகள் வளர்த்த குத்துச்சண்டை பல பத்தாண்டு காலம் நடந்தது. சார்பட்டாவின் கித்தேரி முத்து பெயரை இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் அந்தக் காலத்து வீரர்கள் பலருடைய சண்டைகளைப் படம் எடுத்தவர் இல்லை. குத்தை அளந்தவர் இல்லை. தேசிய அளவில் பதிந்த கணக்கும் இல்லை. திறமை இருந்ததற்கு ஊர் சாட்சி. சாதனைக்குக் காகிதம் இல்லை. அந்த மண்ணும் சென்னைச் சூழலும் இருந்ததால்தான் வி. தேவராஜன் போன்ற ஒருவர் வர முடிந்தது: 1992 பார்சிலோனா ஒலிம்பிக் களம், 1994 பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம், 1995-க்கான அர்ஜுனா விருது. அவருக்குப் பிறகு தமிழ்நாட்டில் அதே உயரத்துக்கு ஒரு வரிசை உருவாகவில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் தசைநார் 1994-க்குப் பிறகு மாறிவிடவில்லை. மாறியது, அல்லது மாறாமலே இருந்தது, வாய்ப்புகள்தான்.

என் தீர்ப்பு

வாக்குவாதத்துக்கு வருவோம். திறமை மட்டும் போதும் என்பவர், தான் பார்ப்பதில் எவ்வளவு பிறவி, எவ்வளவு பழக்கம் என்று பிரிக்க முடியாத ஒன்றுக்கு மாலை போடுகிறார். எதிர்ப்பைச் சந்திக்காத திறமை ஒரு கணிப்பு மட்டுமே. அது பெருமை ஆகாது. பதக்கம் மட்டும் போதும் என்பவர், சீட்டுக் குலுக்கலுக்கும் நடுவருக்கும் தேர்வுக் குழுவுக்கும் சேர்த்து மாலை போடுகிறார். குத்துச்சண்டை வீரரின் பெருமை சாதனையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து; ஆனால் அந்தச் சாதனையை நான்கு கேள்விகளால் திருத்திய பிறகே தீர்ப்பு எழுத வேண்டும். யாரை வென்றார்? எந்த வயதில், எந்த எடையில் வென்றார்? எந்தக் கதவுகள் அவருக்கு மூடியிருந்தன? எவ்வளவு காலம், எவ்வளவு குறைவாக அடி வாங்கி நின்றார்?

கடைசிக் கேள்வி சின்னது அல்ல. தலையில் விழும் ஒவ்வொரு குத்தும் மூளையை மண்டையோட்டுக்குள் உலுக்குகிறது. பல ஆண்டு அடிகள் சேர்ந்து மூளை நரம்புகளைச் சிதைக்கும் நோயை 1928-இலேயே மருத்துவர்கள் குத்துச்சண்டை வீரர்களிடம் கண்டு எழுதியிருக்கிறார்கள். அடிக்காமல் வெல்ல முடியாது. ஆனால் அடிபடாமல் வெல்வதுதான் இந்தக் கலையின் உயர்ந்த படி. தோற்றாலும் நின்று அடிவாங்கியவரை மட்டும் வீரர் என்று கொண்டாடும் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

இந்த நான்கு கேள்விகளையும் வைத்துப் பார்த்தால் மேரி கோம் நம் நாட்டின் மிகப் பெரிய குத்துச்சண்டை வீரர். 16 ஆண்டு இடைவெளியில் முதல் தங்கமும் ஆறாவது தங்கமும் வாங்குவதற்கு வேகம் மட்டும் போதாது, வாய்ப்பு மட்டும் போதாது, அதிர்ஷ்டம் மட்டும் நிச்சயமாகப் போதாது. டிங்கோ சிங்கின் உச்சம் குறுகியது. ஆனால் அவரை எண்ணிக்கையால் தாழ்த்துவதும் நியாயம் இல்லை. அவர் திறந்த கதவு வழியாகத்தான் மேரி வந்தார்.

நாகரசம்பட்டி, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, பர்கூர் பக்கத்துப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் உயரமாக, வேகமாக இருக்கிற பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களை உட்கார வைக்காதீர்கள். உலகச் சாம்பியன்களையும் தேசிய மட்டத்தோடு நின்றவர்களையும் ஒப்பிட்டு 2021-இல் வெளியான ஒரு தொகுப்பு ஆய்வு, உலக மட்டத்துக்குப் போனவர்கள் தங்கள் முதன்மை விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியவர்கள், சிறுவயதில் பல விளையாட்டு ஆடியவர்கள், ஆரம்பத்தில் மெதுவாக முன்னேறியவர்கள் என்று காட்டியிருக்கிறது. கபடியும் ஓட்டமும் வாலிபாலும் ஆடட்டும். குத்துச்சண்டை கற்க வந்தால், முதல் வருடம் கால் வேலையும் தற்காப்பும் மட்டும் கற்றுக்கொள்ளட்டும். தலைக்கவசமும் மருத்துவரும் இல்லாமல் ஸ்பாரிங் வேண்டாம். கற்க விரும்பும் பெண் பிள்ளைக்கு அதே நேரமும் அதே கையுறையும் கொடுங்கள். யாரிடம் திறமை இருக்கிறது என்று முதல் நாளில் யாராலும் சொல்ல முடியாது. இரண்டு வருடம் ஒழுங்கான பயிற்சி கொடுத்த பிறகு கேளுங்கள். அப்போது பிள்ளைகளே பதில் சொல்வார்கள்.